ஐம்பது வயதில் பட்டப்படிப்பும் வீட்டுப் பொறுப்பும் பாடற்குழுவும்: டர்பன் தமிழருக்கான முழுமையான வழிகாட்டி

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், நாற்பது ஐம்பது வயதைக் கடந்தவர்கள் பல்கலைக்கழகத்தில் பெயரைப் பதிந்துகொள்வது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. இனஒதுக்கல் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் பள்ளியைப் பாதியில் விட்டுத் துணி ஆலைக்கோ கடைக்கோ வேலைக்குப் போனவர்கள், பிள்ளைகள் ஓரளவு வளர்ந்த பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர விரும்புகிறார்கள். இவர்களில் கணிசமானோர் கோவிலின் தேவாரக் குழுவிலோ பஜனைக் குழுவிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ நெடுங்காலமாகப் பாடி வருபவர்கள். வீட்டில் முதிய பெற்றோரும், வேலை தேடும் மகனும், பள்ளி இறுதித் தேர்வை எதிர்நோக்கும் மகளும் இருக்கிறார்கள். படிப்பு, வீடு, பாட்டு ஆகிய மூன்றையும் ஒருவர் எப்படித் தாங்குவது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

படிப்புத் தொடங்கிய சில வாரங்களிலேயே மூச்சு முட்டுகிறது என்றதும், பெரும்பாலோர் முதலில் கைவிடுவது பாட்டைத்தான். படிப்புக்குக் கட்டணம் செலுத்தியாயிற்று, வீட்டை விட முடியாது, எனவே எஞ்சியிருப்பது பாட்டு மட்டுமே என்று அவர்கள் எண்ணுகிறார்கள். இது கணக்குப் போட்டுப் பாராமல் எடுக்கப்படும் முடிவு. கணக்கைப் பார்த்தால், குறைக்க வேண்டியது ஒரு பருவத்தில் எடுக்கும் பாடங்களின் எண்ணிக்கை என்பது தெளிவாகும்.

முதல் படி: மணிக்கணக்கை எழுதிப் பாருங்கள்

தென்னாப்பிரிக்கத் தகுதிக் கட்டமைப்பில் 1 கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பைக் குறிக்கும். வாசிப்பு, ஒப்படைப்பு எழுதுதல், தேர்வுக்கான ஆயத்தம், தேர்வு எழுதும் நேரம் ஆகிய அனைத்தும் அந்தப் பத்து மணிக்குள் அடங்கும். தொலைநிலைக் கல்வியில் பரவலாகக் காணப்படும் 12 கிரெடிட் பாடம் ஒன்று 120 மணி நேரத்தைக் கேட்கிறது. அதை 15 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு 8 மணி நேரம் வருகிறது. இரண்டு பாடங்களுக்கு 16 மணி, மூன்று பாடங்களுக்கு 24 மணி. ஐந்து பாடங்கள் எடுப்பவருக்கு வாரம் 40 மணி நேரம் ஆகிறது. அது தனியாக ஒரு முழுநேர வேலை.

இப்போது பாட்டின் கணக்கைப் பாருங்கள். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேர ஒத்திகை, போய்வர ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஆக மூன்று மணி. பாடற்குழுவை விட்டுவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரு பாடத்துக்குத் தேவையான நேரத்தில் பாதிகூட இல்லை. மூன்று பாடங்களால் திணறுகிறவர், குழுவை விட்ட பின்பும் திணறிக்கொண்டேதான் இருப்பார். வாரத்தில் ஒரு மாலைப் பொழுது தம்மை யாரும் அம்மா என்றோ மருமகள் என்றோ மாணவி என்றோ அழைக்காமல் இருந்த இடத்தையும் இழந்திருப்பார்.

மூன்றாண்டுப் பட்டத்துக்கு 360 கிரெடிட் வேண்டும். அதாவது 12 கிரெடிட் பாடங்கள் முப்பது. ஆண்டுக்கு ஆறு பாடம் எடுத்தால் ஐந்து ஆண்டுகளிலும், ஐந்து பாடம் எடுத்தால் ஆறு ஆண்டுகளிலும் பட்டம் முடியும். ஐம்பது வயதில் தொடங்குபவருக்கு இந்த ஓராண்டு வேறுபாடு பெரிதாகத் தோன்றலாம். ஆனால் மூன்று பாடம் எடுத்து ஒன்றில் தவறி, அதற்கு மறுபடியும் கட்டணம் செலுத்துவோர் அந்த ஓராண்டை எப்படியும் இழக்கிறார்கள். பட்டத்தை எத்தனை ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும் என்ற உச்ச வரம்பு ஒவ்வொரு தகுதிக்கும் உண்டு. பதிவு செய்யும் நாளிலேயே அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அந்த வரம்புக்குள் எவ்வளவு மெதுவாகப் போக முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போகத் திட்டமிடுங்கள்.

இரண்டாம் படி: சேர்க்கையும் பணமும்

வேலையோடும் வீட்டோடும் படிப்போருக்கு யூனிசா எனப்படும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகமே இயல்பான தேர்வு. 1873இல் தேர்வு நடத்தும் அமைப்பாகத் தொடங்கிய அது, 1946 முதல் அஞ்சல்வழிக் கல்வி அளித்து வருகிறது. ராபன் தீவுக் கைதிகள் பலர் அதன் மாணவர்களாக இருந்தார்கள். நெல்சன் மண்டேலா தம் சட்டப் பட்டத்தை 1989இல், இன்னும் சிறையிலிருந்தபோதே, அங்கிருந்துதான் பெற்றார். அப்போது அவர் எழுபதைக் கடந்திருந்தார். டர்பனில் ஸ்டால்வர்ட் சிமெலானி தெருவில் அதன் வளாகம் உள்ளது. வீட்டில் அமைதி கிடைக்காதவர்கள் அங்குள்ள நூலகத்தை வாரம் ஒருமுறையாவது பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பள்ளி இறுதித் தேர்வில் பல்கலைக்கழகத் தகுதி பெறாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. 23 வயதைக் கடந்தவர்களுக்கான முதிர்வயது விலக்கு, வேலையில் பெற்ற அறிவை மதிப்பிட்டுச் சேர்க்கும் முன்கற்றல் அங்கீகாரம், 120 கிரெடிட் கொண்ட உயர் சான்றிதழில் தொடங்கிப் பட்டத்துக்கு ஏறிச் செல்லும் பாதை என வழிகள் உள்ளன. நெடுங்காலம் படிப்பை விட்டிருந்தவர்களுக்கு மூன்றாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். இடையில் நிறுத்த நேர்ந்தாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும்.

குடும்ப ஆண்டு வருமானம் 350,000 ராண்டுக்கு மிகாதவர்கள், முதல் பட்டத்துக்காக என்எஸ்ஃபாஸ் எனப்படும் தேசிய மாணவர் நிதித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது இளைஞர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் நம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது, அது தவறு. பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் கல்விப் பட்டத்தில் பள்ளிப் பயிற்சி வாரங்கள் உண்டு. அந்த வாரங்களில் பகல் முழுவதும் வகுப்பறையில் இருக்க வேண்டியிருப்பதால், முழுநேர வேலையில் இருப்பவர் தம் ஆண்டு விடுப்பை அதற்கே செலவிட நேரிடும்.

மூன்றாம் படி: மூன்று நாட்காட்டிகளை ஒரே தாளில் கொண்டுவாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, பல்கலைக்கழகத்தின் நாட்களை ஒரு நிறத்திலும், குழு பாட வேண்டிய நாட்களை இன்னொரு நிறத்திலும், வீட்டின் நாட்களை மூன்றாவது நிறத்திலும் குறியுங்கள். பாடங்களைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்வதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். அதற்குப் பின்பு செய்தால் அது வெறும் அலங்காரம்.

கோவில் குழுவில் பாடுபவரின் ஆண்டு எப்படி அமைகிறது என்று பார்ப்போம். தைப்பூசக் காவடி ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வருகிறது. அப்போது படிப்பு இன்னும் சூடுபிடித்திருக்காது. பங்குனி உத்திரமும், ஈஸ்டர் விடுமுறையையொட்டி இசிபிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் பெருங்கூட்டத்தோடு நடைபெறும் மாரியம்மன் விழாக்களும், ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டும் அடுத்தடுத்து வரும். அம்மன் விழாவுக்கும் ஈஸ்டருக்கும் என்ன தொடர்பு என்று தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்தவர்கள் கேட்பதுண்டு. கரும்புத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோருக்குச் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது அந்த நாட்களில்தான் என்பதே பெரியவர்கள் சொல்லும் விளக்கம். இந்த நாட்களில் ஒப்படைப்புகள் இருக்கலாம், தேர்வு இராது. மே, ஜூன் மாதங்களில் தேர்வு நடக்கும் வேளையில், வைகாசி விசாகத்தைத் தவிர, கோவில் ஓரளவு அமைதியாகவே இருக்கும். ஜூலை நடுவில் தொடங்கும் ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி வார்க்கும் வார இறுதிகள் வரிசையாக வந்தாலும், முதல் பருவம் முடிந்து இரண்டாவது பருவம் தொடங்கும் இடைவெளி அது.

நெருக்கடி புரட்டாசியில் தொடங்குகிறது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, வீட்டில் தனிச் சமையல், சனிக்கிழமை வழிபாடு, அதற்குள்ளேயே நவராத்திரியின் ஒன்பது இரவுகள். குழுவுக்கு ஆண்டிலேயே மிகுதியாக அழைப்பு வரும் காலம் இதுதான். தொடர்ந்து தீபாவளி, அதற்கடுத்து ஆறு நாள் கந்த சஷ்டி. பல்கலைக்கழகத்தின் ஆண்டிறுதித் தேர்வுகளும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் நடக்கின்றன. பிள்ளைகளில் யாராவது பள்ளி இறுதி வகுப்பில் இருந்தால் அவர்களுடைய தேர்வும் அப்போதுதான்.

இந்தத் தாளைப் பார்த்த பிறகு முடிவு தானாகவே வருகிறது: பாடங்களை இரண்டு பருவங்களுக்கும் சமமாகப் பிரிக்காதீர்கள். முதல் பருவத்தில் மூன்று, இரண்டாம் பருவத்தில் இரண்டு என்று எடுங்கள். வீட்டில் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் இரண்டாம் பருவத்தில் ஒன்றே போதும். கடினமான பாடம், உதாரணமாகப் புள்ளியியலோ கணக்கியலோ, முதல் பருவத்தில் கிடைக்குமானால் அங்கேயே முடித்துவிடுங்கள். ஆண்டு முழுவதும் ஓடும் பாடமாக இருந்தால் அதன் தேர்வும் பெரும்பாலும் ஆண்டிறுதியில்தான் வரும். அத்தகைய பாடத்துக்கான வாசிப்பில் பெரும்பகுதியை ஆகஸ்ட் இறுதிக்குள் முடிப்பது என்று தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவரின் நிலை வேறு. அவருடைய பெரிய நாட்கள் இரண்டும், அதாவது புனித வாரமும் கிறிஸ்துமஸும், தேர்வுகளுக்கு வெளியே விழுகின்றன. ஆனால் கிறிஸ்துமஸ் பாடல்களுக்கான ஒத்திகை அக்டோபரிலேயே தொடங்கி, நவம்பரில் வாரம் இருமுறை ஆகிவிடுவதுண்டு. புதிய பாடல்களை ஆகஸ்டிலேயே ஒலிப்பதிவாகக் கேட்டு வாங்கிக் கற்றுக்கொண்டால், நவம்பரில் வாரம் ஓர் ஒத்திகைக்கு மட்டும் வந்தாலும் யாருக்கும் குறை தோன்றாது.

நான்காம் படி: வீட்டுக் கவலையில் எது வேலை, எது கவலை என்று பிரித்தறியுங்கள்

படிக்கும் மேசையில் உட்கார்ந்ததும் மனத்தில் எழுபவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றில் பாதி, செய்து முடிக்கக்கூடிய வேலைகளாக இருக்கும்: ஆயாவின் மருந்து, தண்ணீர்க் கட்டணம், மகனின் விண்ணப்பம். மறு பாதி, இன்றிரவு யாராலும் தீர்க்க முடியாத கவலைகளாக இருக்கும்: மகனுக்கு வேலை கிடைக்குமா, அப்பாவின் சிறுநீரகம் எத்தனை நாள் தாங்கும். முதல் வகைக்கு நாளும் பொறுப்பாளரும் குறிக்கலாம். இரண்டாவது வகைக்கு அவ்வாறு குறிக்க இயலாது. ஆயினும் எழுதி வைத்த பிறகு, அவை ஒவ்வொரு பத்தி வாசிப்புக்கும் இடையில் வந்து நிற்பது குறைகிறது.

முதல் வகையில் பெரும் நேரத்தைத் தின்பது நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நாட்பட்ட நோய்களுக்கு மாதந்தோறும் மருந்து வாங்கப் போகும் நாள். நோய்நிலை சீராக உள்ளவர்கள் ஒவ்வொரு மாதமும் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்காமல், பதிவு செய்த மருந்துக்கடையிலோ வேறொரு விநியோக இடத்திலோ பொட்டலமாக வாங்கிக்கொள்ளும் அரசுத் திட்டம் ஒன்று உள்ளது. கிளினிக்கில் கேட்டால் பெயரைச் சேர்ப்பார்கள். மாதத்தில் ஒரு முழுப் பகலை மீட்டுத் தரும் இந்த ஏற்பாட்டைப் பற்றி முதியோர் தாமாகச் சொல்ல மாட்டார்கள், ஏனெனில் வரிசையில் நிற்பது அவர்களுக்குப் பழகிப்போனது. சிலருக்கு அதுவே ஊர்க்கதை பேசும் இடமுங்கூட. அதனால் அம்மாவிடம் கேட்காமல் நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

அலுவலக விடுப்பைப் பற்றி ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டப்படி, நான்கு மாதங்களுக்கு மேல் பணியில் இருந்து, வாரத்தில் குறைந்தது நான்கு நாட்கள் வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 3 நாட்கள் சம்பளத்தோடு குடும்பப் பொறுப்பு விடுப்பு உண்டு. பிள்ளை நோயுற்றாலும், பெற்றோர், துணைவர், உடன்பிறந்தார் போன்ற நெருங்கிய உறவினர் இறந்தாலும் அதை எடுக்கலாம். பெற்றோர் நோயுற்றால் எடுக்க முடியாது. அப்பாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நாள் உங்கள் ஆண்டு விடுப்பிலிருந்தே கழியும். வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டம் உறுதி செய்யும் ஆண்டு விடுப்பு 15 வேலை நாட்கள். தேர்வுக்கென்று தனி விடுப்பைச் சட்டம் தரவில்லை. நிறுவனம் விரும்பினால் தரலாம். எனவே அந்தப் பதினைந்தில் எத்தனை நாள் தேர்வுக்கு, எத்தனை நாள் பெற்றோருக்கு என்று ஜனவரியிலேயே ஒதுக்கி, அதே தாளில் எழுதுங்கள். உங்கள் வேலை ஒப்பந்தமோ தொழிற்சங்க உடன்படிக்கையோ இதைவிட அதிகம் தரக்கூடும்; அதை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

பிறகு உடன்பிறந்தாரைக் கூட்டிப் பேசுங்கள். நம் வீடுகளில் அருகில் இருப்பவரே எல்லாவற்றையும் செய்வது என்ற எழுதாத விதி இருக்கிறது. ஜோஹானஸ்பர்க்கில் இருக்கும் அண்ணனும் வெளிநாட்டில் இருக்கும் தங்கையும் தொலைபேசியில் அக்கறையோடு விசாரிப்பதோடு நின்றுவிடுவார்கள். அவர்களிடம் பொதுவாக உதவி கேட்பதால் பயனில்லை. “அண்ணா, அக்டோபர் 15 முதல் நவம்பர் 20 வரை எனக்குத் தேர்வுக் காலம். அந்த ஐந்து வாரமும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு இருக்க ஒருவரை அமர்த்துவதற்கான செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்” என்று நாளையும் செயலையும் குறித்துக் கேளுங்கள். அண்ணன்மார் பலர் மறுப்பதில்லை. இதுவரை அவர்களிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: குழுத் தலைவரோடு முன்கூட்டியே பேசுங்கள்

குழுவை விடாமல் இருப்பது ஒன்று. அதில் எல்லாவற்றையும் தலைமேல் போட்டுக்கொள்வது வேறொன்று. படிக்கும் ஆண்டுகளில் செயலாளர், பொருளாளர் போன்ற பொறுப்புகளை ஏற்காதீர்கள். ஏற்றிருந்தால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒப்படைத்துவிடுங்கள். உண்மையில் நேரத்தை உண்பது ஒத்திகையன்று; சேலை நிறம் முடிவு செய்வதும், வண்டி ஏற்பாடு செய்வதும், வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொரு மணிக்கு நடக்கும் விவாதங்களுமே. பாடுங்கள், வீட்டுக்குப் போங்கள். இந்த ஆண்டுகளுக்கு அது போதும்.

குழுத் தலைவரிடம் பேசும்போது உங்கள் தாளை எடுத்துச் செல்லுங்கள். நவராத்திரியில் ஒன்பது இரவும் வர முடியாது, எந்த இரண்டு இரவுகள் குழுவுக்கு மிக முக்கியம் என்று கேட்டு, அந்த இரண்டுக்கும் உறுதி கூறுங்கள். ஒன்பதுக்கும் தலையாட்டிவிட்டு ஐந்தாம் நாள் காணாமற்போகிறவரைக் காட்டிலும், இரண்டு நாள் என்று சொல்லி இரண்டு நாளும் வருகிறவரை வைத்துக்கொண்டே எந்தத் தலைவரும் நிகழ்ச்சியை அமைக்க முடியும். தனிப்பாடலை அந்தப் பருவத்தில் வேறொருவருக்கு விட்டுக்கொடுங்கள்.

முன்கூட்டித் திட்டமிட முடியாத அழைப்பு ஒன்று உண்டு: துக்க வீடு. இறுதிச் சடங்குக்கும் பதினாறாம் நாளுக்கும் திருமுறை பாட ஆள் வேண்டும் என்று வரும்போது மறுப்பது நம்மில் யாருக்கும் எளிதன்று. குழுவிலேயே முறைவைத்து, மாதத்துக்கு நான்கைந்து பேர் என்று பெயர் குறித்துக்கொண்டால், உங்கள் முறை வராத மாதத்தில் மனம் உறுத்தாமல் படிக்கலாம்; தேர்வு மாதங்களில் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடலாம்.

பாடல்களைக் கற்கும் வேகத்தைக் கூட்டினாலும் நேரம் மிஞ்சும். இங்குள்ள குழுக்களில் பலர் தமிழ்ப் பாடல்களை ரோமன் எழுத்தில் பார்த்தே பாடுகிறார்கள். அந்த எழுத்தில் நகரமும் ணகரமும், லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுவதால், ஒவ்வோர் ஒத்திகையிலும் உச்சரிப்பைத் திருத்துவதற்கே நெடுநேரம் போகிறது. தமிழ் எழுத்தைக் கற்றுக்கொள்வது இன்னொரு பாடச்சுமை என்று தோன்றினாலும், ஜூலை விடுமுறையில் அதற்குக் கொடுக்கும் உழைப்பு அடுத்து வரும் எல்லா ஒத்திகைகளிலும் திரும்பி வருகிறது.

நான்கு குரல் வகைகளாகப் பிரிந்து பாடும் குழுவில் சேர்ந்தவர்கள், இந்நாட்டுப் பாடகர் குழுக்களில் வேரூன்றிய, சுரங்களை ‘டோ, ரே, மீ’ என்று பெயரிட்டு எழுதும் டானிக் சோல்ஃபா முறையைக் கண்டு தயங்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறைப்பணியாளர் வழியாக வந்து, ஆப்பிரிக்கக் குழுக்களில் இன்றும் வாழும் முறை அது. அதில் ‘டோ’ ஒரு நிலையான சுருதியில் கட்டுண்டதன்று. பாடலின் சுருதியோடு நகர்வது, நம் சட்ஜம் போலவே. சங்கராபரணத்தின் ஏறுவரிசையைப் பாடத் தெரிந்தவருக்கு அதன் ஏழு ஒலிகளும் முன்பே தெரியும். புதிதாகப் பழக வேண்டியது, பக்கத்தில் நிற்பவர் வேறொரு சுரத்தைப் பாடும்போது தம்முடையதை விடாமல் பிடித்திருப்பது. அதற்கு உங்கள் குரல் வகைக்கான பகுதியை மட்டும் தலைவரின் இசைவோடு கைப்பேசியில் பதிந்து, காரில் போகும்போது கேளுங்கள். ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் காலை நெரிசலில் நிற்கும் நேரம் இதற்கு நன்றாகப் போதும்.

ஆறாம் படி: வாரத்தை அமையுங்கள்

இரண்டு பாடத்துக்கு 16 மணி நேரம் வேண்டும் என்று பார்த்தோம். வார நாட்களில் நான்கு நாள் இரண்டிரண்டு மணி, சனிக்கிழமை ஐந்து மணி, ஞாயிறு மூன்று மணி என்று அது அமையலாம். ஒத்திகை நடக்கும் மாலையைப் படிப்பில்லா நாளாக விட்டுவிடுங்கள். அன்று புத்தகத்தைத் திறந்தால் இரண்டும் பாதியாகும். காலை நான்கரைக்கு எழுவது நம் பெரியவர்களுக்குப் பழக்கமான நேரம், வீடும் அப்போது அமைதியாக இருக்கும். ஆனால் இரவு பதினொன்றுக்குப் படுத்து நான்கரைக்கு எழுபவர் படித்ததை மூளையில் நிலைநிறுத்தும் தூக்கத்தையே இழக்கிறார். அதிகாலையில் படிப்பதென்றால் ஒன்பதரைக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். தொலைக்காட்சித் தொடர் எதையேனும் துறக்க வேண்டியிருக்கும்.

படிக்கும் முறையிலும் வயதுக்கேற்ற மாற்றம் வேண்டும். வரிகளின் மீது வண்ணம் தீட்டிக்கொண்டே மறுபடி மறுபடி வாசிப்பது பயன் தராது. ஒரு பகுதியை வாசித்து, புத்தகத்தை மூடி, நினைவில் நிற்பதைத் தாளில் எழுதி, விட்டதைச் சரிபார்த்து, மூன்று நாள் கழித்து மறுபடியும் மூடிய புத்தகத்தோடு எழுதிப் பாருங்கள். பதிகம் ஒன்றை மனனம் செய்தவர்களுக்கு இது புதிதன்று. அடுத்த அடியை எட்டிப் பார்க்காமல் சொல்ல முயன்றபோதுதான் அது உங்களுக்கு மனத்தில் பதிந்தது. ஒப்படைப்புகளை இறுதி நாளுக்கு மூன்று நாள் முன்பே இணையத்தில் ஏற்றிவிடுவது என்பதை மாறாத விதியாக வையுங்கள். மின்வெட்டு அட்டவணைகளோடு வாழ்ந்து பழகிய நமக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. 2024க்குப் பிறகு மின்வெட்டு பெரிதும் குறைந்திருந்தாலும், உள்ளூர்த் தடைகளும் தண்ணீர் வராத நாட்களும் இன்னும் இருக்கவே செய்கின்றன.

ஏழாம் படி: குரலைக் காத்துக்கொள்ளுங்கள்

நாள் முழுவதும் பேசும் வேலையில் இருப்பவர், பாடத்தையும் வாய்விட்டு வாசித்துவிட்டு ஒத்திகைக்கு வந்தால் குரல் தளர்ந்தே இருக்கும். ஒத்திகை நாளில் மௌனமாக வாசியுங்கள். ஒரு மெல்லிய உறிஞ்சுகுழலை உதடுகளுக்கிடையில் வைத்து, அதன் வழியே மெதுவாகச் சுரம் ஏற்றி இறக்குவதை ஐந்து நிமிடம் செய்தால், தொண்டையை வருத்தாமல் குரல் நாண்கள் ஆயத்தமாகும். குரல் கம்மியபோது கிசுகிசுப்பது ஓய்வாகாது. பேசாமல் இருப்பதே ஓய்வு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல் சற்றே தாழ்வது இயல்பு. பழைய சுருதியைப் பிடித்துக்கொண்டு வருந்தாமல், குழுவில் தாழ்குரல் வரிசைக்கு மாறிக்கொள்ளலாம்.

ஒத்திகை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு, குடைந்த ரொட்டிக்குள் கறி நிரப்பிய பன்னி சௌ வாங்கி உண்டு உடனே படுப்பது டர்பனில் பலருக்கு உள்ள பழக்கம். அதன் சுவையில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வயிற்று அமிலம் மேலேறி மறுநாள் காலை குரல் கரகரப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒத்திகைக்கு முன்பே அளவாக உண்டுவிடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இரவில் தனியாக வண்டி ஓட்டுவதைத் தவிர்த்து, அதே திசையில் போகும் இருவரோடு சேர்ந்து வருவதும் போவதும் பாதுகாப்பானது.

எட்டாம் படி: நிலைமை கைமீறும்போது எதை முதலில் விடுவது

அப்பா மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார், தேர்வு பத்து நாளில், குழுவுக்கு நிகழ்ச்சி அந்த வாரம் என்று ஒருநாள் வரத்தான் செய்யும். அன்று முடிவெடுக்க மனத்தில் இடமிராது. எனவே விடும் வரிசையை இன்றே எழுதி வையுங்கள். முதலில் நிகழ்ச்சியை விடுங்கள், ஒத்திகையை அல்ல. மேடை இல்லாமல் வந்து உட்கார்ந்து இரண்டு பாடல் பாடிவிட்டுப் போவதற்கு எந்தக் குழுவிலும் இடமுண்டு. அடுத்து, இரண்டு பாடங்களில் பின்தங்கியதை விடுங்கள். பாடத்தை ரத்து செய்வதற்குப் பல்கலைக்கழகம் குறித்துள்ள கடைசி நாளுக்குள் விட்டால், கட்டணம் முழுவதுமோ ஒரு பகுதியோ மிஞ்சும். அந்த நாளை உங்கள் தாளில் சிவப்பில் குறித்து வைத்திருக்க வேண்டும்.

தேர்வு நாளிலேயே நோயோ மரணமோ குறுக்கிட்டால், தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஈக்ரோடாட் எனப்படும் மாற்றுத் தேர்வு உண்டு. தானாக யாரும் அதைத் தர மாட்டார்கள். குறித்த சில நாட்களுக்குள் மருத்துவச் சான்றோ இறப்புச் சான்றோ இணைத்து விண்ணப்பிக்க வேண்டும். துக்க வீட்டில் அந்த நாட்கள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். ஆகவே உங்கள் மாணவர் எண்ணையும், விண்ணப்பத்தை எங்கே அனுப்ப வேண்டும் என்பதையும், துணைவரோ வளர்ந்த பிள்ளையோ அறிந்திருக்கும்படி முன்பே எழுதிக் கொடுங்கள். பதினாறாம் நாள் முடியட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

மார்கழியில் தேர்வுகள் முடிந்திருக்கும். திருவெம்பாவை பாடும் அதிகாலைகளைத் தவிர வேறு கட்டாயம் இராது. அந்த வாரங்களில் பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த மாதத்தில் எந்த நிறம் மற்றொன்றை விழுங்கியது என்று பாருங்கள். அடுத்த ஆண்டுக்கான பாடங்களின் எண்ணிக்கையை அதைக் கொண்டு முடிவு செய்து, பதிவு திறக்கும் முன்பே குழுத் தலைவருக்கும் வீட்டாருக்கும் புதிய தாளின் நகல் ஒவ்வொன்றைக் கொடுத்துவிடுங்கள்.